ஒரு படத்தைத் திரும்பக் கேட்கப் போனோம்

1996ஆம் ஆண்டு, ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. காலை எட்டு ஐம்பதுக்கு மருமகன் என்னைப் பிக்கரிங் ரயில் நிலையத்தில் கொண்டுவந்து இறக்கினார். வீட்டிலிருந்து நாலு கிலோமீற்றர்.

"மாமி, ரவுணுக்குத் தனியப் போறியள். நானும் வரட்டோ?" மூன்றாவது தரம் கேட்டார்.

"கொழும்பிலையிருந்து மூண்டு பிளேன் மாறித் தனியத்தான் வந்தனான், தம்பி. நீங்கள் போய் முற்றத்து இலையைக் கூட்டுங்கோ."

சிரித்துக்கொண்டு போனார். வயதுபோனவர்களுக்கு இந்த ரயிலில் அரைக் காசு. போகவர நாலு டொலர் நாற்பது சதம். மயில்கழுத்து நிறச் சேலை உடுத்து, மேலே முழங்கால் மட்டும் வருகிற கோட்டுப் போட்டிருந்தேன். என் தோழியின் பாட்டனாருடைய படம் ஒன்றை ஓர் எழுத்தாளர் வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருடம். குடும்பத்தில் இருந்தது அந்த ஒரே படம்தான். அதைத் திரும்பக் கேட்க அவளோடு துணையாகப் போகிறேன். இப்படியான அலுவலுக்குக் கசங்கிய உடுப்போடு போகக்கூடாது.

தோழியின் பெயர் கிளெமன்தீன். இப்போது சயீர் என்று சொல்கிறார்களே, முன்னே கொங்கோ என்றிருந்த நாடு, அங்கிருந்து வந்தவள். ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். நகர நடுவில் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ்ச் சலவைக்கூடத்தில் நானும் அவளும் ஆறு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அவளை முதன்முதல் கண்டபோது நானும் எங்கள் ஆட்கள் ஆபிரிக்க மக்களைச் சொல்கிற அந்தச் சொல்லைத்தான் வீட்டில் வந்து சொன்னேன். இப்போது அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஹோட்டல் கட்டில் விரிப்புகளைத் தனி ஆளாய் மடிக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு முனையில் நின்று உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். மெசின் இரைச்சலில் கிட்ட வந்தால்தான் பேச்சுக் கேட்கும். கிட்ட வரும்போது ஒரு வசனம் சொல்வாள், தள்ளிப் போகும்போது நான் அதை யோசிப்பேன். இரண்டு பேருக்கும் உடைந்த இங்கிலீஷ்தான். அவளுக்குப் பிரெஞ்சு வாசம் வீசும், எனக்கு யாழ்ப்பாண வாசம். அதனால் அவள் சொன்னதை இங்கே என் பேச்சிலேயே எழுதுகிறேன். வயதில் மூத்த பெண்களை அவர்கள் 'மமா' என்று கூப்பிடுவார்கள். எனக்கு அவள் வைத்த பெயரும் அதுதான்.

விரிப்பு விரிப்பாக அவள் சொன்னது அவளுடைய பாட்டனார் இலோங்காவின் கதை. அவர் சின்னப் பெடியனாக இருந்த காலத்தில் ஐரோப்பிய அரசன் ஒருவன் அவர்களுடைய நாடு முழுவதையும் தன் சொந்தத் தோட்டம்போல வைத்திருந்தான். ஊர் ஆட்கள் காட்டுக்குள் போய்க் கொடிகளை வெட்டி ரப்பர் பால் எடுத்து, கூடை கூடையாகக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுக்க வேண்டும். குறைந்தால் சவுக்கு. பெண்களைப் பிடித்து அடைத்து வைப்பார்கள். ஓடினால் சுடுவார்கள். சுட்ட சிப்பாய் தோட்டாவை வேறு எதற்கும் செலவழிக்கவில்லை என்று காட்ட, செத்தவரின் கையை வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். செத்தவரின் கை கிடைக்காத இடத்தில் உயிரோடு இருந்தவரின் கை. இலோங்காவுக்கு எட்டோ ஒன்பதோ வயது. வலது கை.

அதோடு அவர் சாகவில்லை. அதை அவள் ஒவ்வொரு தரமும் சொல்வாள். பல்லாலும் ஒரு கையாலும் மீன்வலை முடிவாராம். பதினொரு பிள்ளை பெற்றாராம். வாய் ஓயாத மனிதராம். பேரப்பிள்ளைகள் "கை எங்கை?" என்று கேட்டால், "அது என்னை விட்டிட்டு வெள்ளைக்காரன்ரை நாடு பாக்கப் போட்டுது, இன்னும் ஒரு கடிதம் போடேல்லை" என்பாராம். அதைச் சொல்லிவிட்டு கிளெமன்தீன் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பதா என்று தெரியாமல் விரிப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

காலை ஒன்பது பத்து. ரயில் வந்தது. எங்கள் ஊரில் கோச்சி என்போம். இது இரண்டு தட்டுக் கோச்சி. மேல்தட்டில் இடது பக்கம் யன்னல் ஓரம் போய் இருந்தேன். கொஞ்சத் தூரத்தில் ஒன்ராரியோ ஏரி வந்துவிடும். கரையோடு ஒட்டித் தண்டவாளம். கடல்போலவே இருக்கும், ஆனால் உப்பு மணம் இல்லை, அலைக்கும் அவ்வளவு சத்தமில்லை. மற்றப் பக்கத்து மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. இந்த நாட்டு மரங்கள் இலை உதிர்க்கும்போது எல்லோரும் கமெரா கொண்டு போகிறார்கள்.

முன் இருக்கையில் காவல் வேலை உடுப்போடு ஒரு தமிழர் இருந்தார். நாற்பது வயது மட்டில். என்னைக் கண்டதும் திரும்பினார்.

"அன்ரி, எவடம் நீங்கள்?"

"பிக்கரிங்."

"அதில்லை, ஊரிலை எவடம்?"

"ஊர் தெரிஞ்சு என்ன செய்யப் போறியள், தம்பி? கடிதம் போடப் போறியளோ?"

சிரித்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். ஆபிரிக்கப் பெண் ஒருத்தியின் பாட்டனாருடைய படம் என்றதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"உதுக்கேன் அன்ரி நீங்கள் அலையிறியள்? எங்கடை சனத்தின்ரை பாடே பெரும் பாடு. போன ஐப்பசிச் சண்டையிலை யாழ்ப்பாணமே வெளிக்கிட்டு ரோட்டிலை நிண்டது. அதை ஆரும் கேட்டவையே?"

"அதை ஆரும் கேக்கேல்லை எண்டுதானே உங்களுக்குக் கோவம்?"

"ஓம்."

"அப்ப அவளுக்கும் கோவம் வரும்தானே?"

அவர் என் சேலையையும் கோட்டையும் பார்த்து, "நீங்கள் ரீச்சரோ அன்ரி?" என்று கேட்டார். மூன்றாம் வகுப்போடு நின்றவளைப் பார்த்து. நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை.

ஒன்பது முப்பது. கில்ட்வூட் நிலையத்தில் கிளெமன்தீன் ஏறினாள். தலைக்கு மஞ்சள் துணி கட்டி, கறுப்புக் கோட்டு. கையில் பை. பைக்குள் அந்தப் புத்தகம்.

"மமா, வடிவா வந்திருக்கிறியள். கலியாண வீட்டுக்கோ?"

"நீயும்தான். மாப்பிளை ஆர்?"

"மாப்பிளை எழுத்தாளர்தான். ஆனா இண்டைக்கு நான் அவரை விடுறேல்லை."

புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள். இருபத்தெட்டு டொலர் தொண்ணூற்றைந்து சதம். அவளே கடையில் வாங்கியது. எழுத்தாளர் ஒரு பிரதிகூட அனுப்பவில்லை. அட்டையில் அவளுடைய பாட்டனாரின் படம்தான். ஆனால் மணிக்கட்டோடு முடிகிற கை மட்டும். அதைப் பெரிதாக்கி அட்டை முழுவதும் போட்டிருந்தார்கள். தோளுக்கு மேலே ஒன்றும் இல்லை.

அந்தக் கதையை எனக்கு மகள் வாசித்துச் சொன்னாள். பாங்கில் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ஒரு நாளைக்கு முப்பது பக்கமாகத் தமிழில் சொன்னாள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவன் படகில் ஆற்றால் போகிறான். நல்ல மனம் உள்ளவன். கண்டதையெல்லாம் மனைவிக்குக் கடிதமாக எழுதுகிறான். ஆற்றில் மூடுபனி, காய்ச்சல், குருவிகளின் சத்தம், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வருவதுபோல எழுதியிருக்கிறார். அந்த மனிதருக்கு எழுதத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஊர் ஆட்கள் கூட்டமாகத்தான் வருகிறார்கள். சுமக்கிறார்கள், அழுகிறார்கள், சாகிறார்கள். ஒரு சிறுவன் தனியாக வருகிறான். கை வெட்டுப்பட்டவன். பிறவி ஊமை. பெயர் இல்லை. அதிகாரி அவனைக் 'குருவி' என்று கூப்பிடுகிறான். கடைசியில் சிறுவன் அதிகாரியின் மடியில் சாகிறான். அதிகாரி வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிப் போய், வாழ்நாள் முழுக்க நித்திரை வராமல் கிடக்கிறான்.

அந்த இடத்தில் மகள் அழுதாள். நானும் கண்ணைத் துடைத்தேன். பிறகு படுக்கப் போய் யோசித்தேன். நான் அழுதது சிறுவனுக்காக அல்ல. நித்திரை வராத அந்த அதிகாரிக்காக.

அடுத்த நாள், முடிவைக் கேட்டுவிட்டுக் கிளெமன்தீன் தொலைபேசியில் கத்தினாள். "மமா, அவர் செத்திட்டாராம்! ஒன்பது வயசிலை செத்திட்டாராம்! அப்ப நான் ஆர்? என்ரை அம்மா ஆர்? ஊமையாம்! என்ரை தாத்தா நித்திரையிலையும் கதைக்கிற மனிசன்!"

அவள் பதிப்பகத்துக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுத்தாள். பிரெஞ்சில் எழுதி, தேவாலயத்துப் பெண் ஒருத்தியைக் கொண்டு இங்கிலீஷாக்கி ஒரு கடிதமும் போட்டாள். சனிக்கிழமை எழுத்தாளர் வாசிக்கும் கூட்டம் நடக்கிறது, வந்தால் பேசலாம் என்று பதில் வந்தது. அவளுடைய தாய் ஊரில் படுக்கையில் கிடக்கிறா. போன மாதம் வந்த கடிதத்தில், அப்பாவின் படத்தைக் கொண்டுவந்து காட்டு என்று எழுதுவித்திருக்கிறா. கிறிஸ்மஸ் முடிந்தவுடன் போவதற்குக் கிளெமன்தீன் ரிக்கற்றும் வைத்துவிட்டாள்.

பத்து பத்து. யூனியன் நிலையம். அங்கிருந்து சுரங்க ரயிலில் நாலு தரிப்பு. மேலே ஏறி வந்தால் குளிர் காற்று. உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில் சனிக்கிழமையில் காற்றுக்குத்தான் வேலை. ஒரு கோப்பிக் கடையில் இருந்து கொண்டோம். கோப்பி ஒரு டொலர் ஐந்து சதம். கிளெமன்தீன் தாளில் எழுதி வைத்திருந்ததைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அவள் கேட்கப் போவது இரண்டு. படத்தைத் தாருங்கள். அடுத்த பதிப்பில் அவருடைய பெயரைப் போடுங்கள்.

"முதல் படத்தைக் கேள். பேரைப் பிறகு கேக்கலாம்," என்றேன்.

"ஏன்?"

"ரெண்டையும் சேத்துக் கேட்டா, ஒண்டைத் தந்திட்டு மற்றதுக்கு நன்றி சொல்லுவினம்."

பதினொன்று முப்பது. மண்டபம் ஒரு பெரிய நூலகத்தின் இரண்டாம் மாடியில். நூறு கதிரைவரை. எல்லாம் நிரம்பிவிட்டது. நாங்கள் இரண்டு பேரையும் தவிர வெள்ளை அல்லாதவர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்குவார்கள். மேசையில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அத்தனை அட்டையிலும் அந்தக் கை. நூறு புத்தகம் என்றால் நூறு கை. கூடைக்குள் அடுக்கினதுபோல இருக்கிறது என்று எனக்குப் பட்டது. கிளெமன்தீனுக்கு நான் சொல்லவில்லை. அவளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

எழுத்தாளர் உயரமானவர். மெல்லிய குரல். கடைசிப் பக்கங்களை வாசித்தார். சிறுவன் மடியில் கிடக்கிறான், ஆறு ஓடுகிறது, அதிகாரி தன் கைலேஞ்சியால் அவன் முகத்தைத் துடைக்கிறான். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன் கைலேஞ்சியை எடுத்தாள். முன்வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். பொய்யான அழுகை என்று சொல்லமாட்டேன். நல்ல சனங்கள். என் வீட்டில் மகளும் நானும் அழுத அதே அழுகை.

கேள்வி நேரம் வந்தது. கிளெமன்தீன் முதலிலேயே கையைத் தூக்கினாள். ஒலிவாங்கி பிடித்த இளம்பெண் மூன்று பேருக்குக் கொடுத்தபிறகு அவளிடம் வந்தாள். ஒருவர் எழுத எத்தனை வருடம் எடுத்தது என்று கேட்டார். ஒருவர் அந்த ஆற்றுக்குப் போனீர்களா என்று கேட்டார். போகவில்லை என்றார் எழுத்தாளர், கற்பனையில் போனாராம்.

கிளெமன்தீன் எழும்பினாள். தாளைப் பார்க்கவில்லை.

"அந்தப் பெடியன் என்ரை தாத்தா. அவருக்குப் பேர் இருக்கு. அவர் சாகேல்லை. அவர் ஊமை இல்லை. எங்கடை ஊரிலை அவரை விட வாய்க்காரன் ஒருத்தரும் இல்லை. நீங்கள் என்ரை வீட்டிலை நாலு மணித்தியாலம் இருந்து அவர் கதைச்சதெல்லாத்தையும் எழுதிக்கொண்டு போனீங்கள். ஏன் அவரைக் கதைக்க விடேல்லை?"

எழுத்தாளர் முகம் சிவந்தது. பிறகு கையை அவள் பக்கம் நீட்டி, "நண்பர்களே, இவர்தான் கிளெமன்தீன். இவருடைய குடும்பத்தின் துயரம்தான் எனக்கு இந்த நாவலைத் தந்தது. இவருடைய துணிவுக்கு..." என்றார். முடிக்கவில்லை. எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினார்கள்.

கிளெமன்தீன் அந்தக் கைதட்டலுக்கு நடுவில் நின்றாள். வாய் திறந்திருந்தது. மிச்சத்தைச் சொல்வதற்கு அவர்கள் நிறுத்த வேண்டுமே. நிறுத்தியபோது ஒலிவாங்கி பின்வரிசைக்குப் போய்விட்டது.

ஒன்று பதினைந்து. கூட்டம் கலைந்தபிறகு பதிப்பகத்துப் பெண் எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எழுத்தாளரும் வந்தார். அவளிடம் ஒரு கோப்பு இருந்தது.

"படம் எங்கை?" கிளெமன்தீன் நேராகக் கேட்டாள்.

அட்டை செய்கிறவரிடம் அனுப்பினார்களாம். அவர் தன் கந்தோரை வேறு இடத்துக்கு மாற்றினாராம். பல பெட்டிகள் காணாமல் போனதாம். மிகவும் வருந்துகிறார்களாம். தேடுகிறார்களாம்.

"எப்ப கிடைக்கும்?"

பதிப்பகத்துப் பெண் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். அதை எங்கள் பக்கம் திருப்பி, விரலை வைத்து மெல்ல வாசித்தாள். படத்தையும் குடும்பக் கதையையும் எழுத்தாளர் தாம் விரும்பியபடி வெட்டலாம், கூட்டலாம், மாற்றலாம். கொடுத்த பொருட்களைத் திரும்பக் கொடுக்க வேண்டிய கடமை இல்லை. கீழே கிளெமன்தீனின் கையெழுத்து. அதற்குக் கீழே சாட்சி. அது நான்.

என் கையெழுத்தை எனக்குத் தெரியும். கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து மேலே கொண்டுபோய் ஒரு புள்ளி வைப்பேன். ஸ்காபரோவில் நாங்கள் முதலில் இருந்த பதினாறு மாடிக் கட்டடத்தில் யாருக்குப் படிவம் வந்தாலும் சாட்சிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அகதி விண்ணப்பம், வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற காசு. "அன்ரி வைச்சா ஒரு வடிவு" என்பார்கள். வாசித்தீர்களா என்று ஒருவரும் கேட்டதில்லை. வாசித்துவிட்டு வைப்பதற்கு அது எனக்கு வாசிக்கத் தெரிந்த பாஷையும் இல்லை. வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். ஒன்றும் கெட்டதில்லை. கெட்டுப் போனதை எனக்கு வந்து சொல்லவில்லையோ தெரியாது.

எழுத்தாளர் கிளெமன்தீனின் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, தனிய இருக்கிற பெண்ணின் வீட்டுக்கு ஆம்பிளை ஒருவர் வருகிறார் என்று பெரிய ஆளாக என்னைக் கூப்பிட்டிருந்தாள். நான் வாழைப்பழம் பிசைந்து வாய்ப்பன் சுட்டுக்கொண்டு போனேன். எழுத்தாளர் இரண்டு சாப்பிட்டார். படத்தைக் கேட்டபோது கிளெமன்தீன் தயங்கினாள். பிரதி எடுத்துத் தருகிறேன் என்றாள். நான்தான் அவளை உள்ளுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன், "படிச்ச மனிசன் வீடு தேடி வந்து கேக்கிறார். பிரதி எடுத்துத் தாறன் எண்டா, நாங்கள் அவரை நம்பேல்லை எண்டு ஆகும். குடு. புத்தகத்திலை வந்தா உன்ரை தாத்தா சாகமாட்டார்." இப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு வந்து பேனையை வாங்கி வால் சுழித்தேன்.

பதிப்பகத்துப் பெண்ணின் விரல் இன்னும் அந்தத் தாளில் இருந்தது. கிளெமன்தீன் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"சரி. பேர்? அடுத்த முறை அச்சடிக்கேக்கை அவரின்ரை பேரையாவது போடுவியளோ?"

இது நாவல் என்றார் எழுத்தாளர், மிகவும் மெதுவாக. அந்தச் சிறுவன் ஒரு ஆள் அல்லவாம், கைவெட்டுப்பட்ட எல்லோரும் சேர்ந்ததாம். ஒரு பெயரை வைத்தால் மற்றவர்கள் வெளியே நின்றுவிடுவார்களாம். மௌனமாக விட்டால்தான் வாசிப்பவர் மனத்தில் அது பேசுமாம். அவர் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார்.

"அதிகாரிக்குப் பேர் இருக்குத்தானே?" என்றேன் நான். வாயைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. "அவன்ரை மனிசிக்கு இருக்கு. அவன்ரை நாய்க்கும் இருக்கு. மகள் வாசிச்சவள்."

எழுத்தாளர் என்னைப் பார்த்தார். அவருக்கு என்னை ஞாபகம் இல்லை. வாய்ப்பனும் ஞாபகம் இல்லை.

பிறகு அவர் மேசையிலிருந்து ஒரு புதுப் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தைத் திறந்து, தன் பேனையால், கிளெமன்தீனுக்கு, உங்கள் பாட்டனாரின் நினைவாக என்று எழுதினார். எழுதிக்கொண்டு வந்தவர் நிமிர்ந்து கேட்டார், "அவருடைய பெயரை எப்படி எழுதுவது?"

நாலு மணித்தியாலம் இருந்து எழுதிய குறிப்பு. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். அவருக்குப் பெயர் ஞாபகத்தில் இல்லை.

கிளெமன்தீன் அவருடைய பேனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம்," என்றாள். "அந்தப் பேர் என்னட்டையே இருக்கட்டும்." புத்தகத்தை மூடி, அட்டையைக் கீழே பார்க்க மேசையில் குப்புற வைத்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டாள். வெளியே வந்துவிட்டோம்.

மூன்று பத்து. யூனியன் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தோம். நாற்பது நிமிடத்துக்குமேல் அவள் என்னோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல் நாக்குவரை வந்தது. அறுபத்தெட்டு வயதுவரை நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகவில்லை. என் புருசனிடமும் கேட்டதில்லை. "கோப்பி வாங்கட்டோ?" என்றுதான் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

மூன்று நாற்பது. ரயில் புறப்பட்டது. வலது பக்கம் எதிரெதிராக இருந்தோம். டான்போர்த் நிலையம் தாண்டியபிறகு அவளாகப் பேசினாள்.

"மமா, உங்களிலை எனக்குக் கோவம் இல்லை. நானும்தானே கையெழுத்து வைச்சனான்."

நான் கோட்டுப் பொத்தானைப் போட்டேன், பிறகு கழற்றினேன்.

"ஆனா ஒரு உதவி செய்யுங்கோ. தாத்தா செத்தது எனக்குப் பதினாலு வயசிலை. பிறகு அந்தப் படத்தைப் பாத்துப் பாத்துத்தான் முகத்தை வைச்சிருந்தனான். ரெண்டு வருசமாப் படம் இல்லை, இப்ப இந்த அட்டையைத்தான் பாக்கிறன். முகம் வருகுதில்லை. கண்ணை மூடினா கைதான் வருது. ஊருக்குப் போனா அம்மாவுக்கு முகத்தைச் சொல்லவாவது வேணும். இந்த நாட்டிலை அந்தப் படத்தைப் பாத்தது எழுத்தாளரை விட்டா நீங்கள் ஒராள்தான். சலவைக்கூடத்திலை எத்தினை தரம் காட்டியிருக்கிறன். சொல்லுங்கோ. தாத்தா எப்பிடி இருந்தவர்?"

நான் கண்ணை மூடினேன். படம் வந்தது. பழைய படம், ஓரம் மஞ்சள். பிரம்புக் கதிரை. கதிரையின் கைப்பிடியில் ஒரு பின்னல் அறுந்திருந்தது. கோட்டு பெரிது, இரவல் கோட்டு. வலது கை முழங்காலில். கோட்டுக் கையை மேலே மடித்து ஊசி குத்தியிருந்தார்கள். சட்டைக் கையில் மூன்று பொத்தான், நடுப்பொத்தான் வேறு நிறம். மணிக்கட்டு முடிகிற இடத்தில் தோல் சேர்ந்து, கட்டிய பையின் வாய்போல. அதுவரை எல்லாம் தெளிவாக வந்தது. அதற்கு மேலே ஏறிப் பார்த்தேன். கோட்டுக் கழுத்து. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எத்தனை தரம் பார்த்திருப்பேன். இருபது, முப்பது. ஒவ்வொரு தரமும் "ஐயோ பாவம்" என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் நான் பார்த்தது கையை. அட்டைக்காகப் படத்தை வெட்டியவனுக்கு முன்பே நான் வெட்டிவிட்டேன்.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும்.

"சிரிச்ச முகம்," என்றேன். "நல்லாச் சிரிச்சுக்கொண்டு இருந்தவர்."

கிளெமன்தீன் என்னை நெடுநேரம் பார்த்தாள்.

"இல்லை, மமா. சிரிக்கேல்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லிப் போட்டோக்காரன் மூண்டு தரம் ஏசினவனாம். தாத்தா சொல்லுவார், என்ரை வாழ்க்கையிலை நான் வாய் மூடினது அந்த ஒரு நிமிசந்தான் எண்டு."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கில்ட்வூட்டில் இறங்கும்போது என் தோளில் கையை வைத்து, "குளிர், கவனமாப் போங்கோ," என்றாள். மேடையில் நின்று கையைக் காட்டவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். பிறகு ஏரி வந்தது. நான் பார்க்கவில்லை.

நாலு முப்பது, பிக்கரிங். மருமகன் காருக்குள் சூடு போட்டுவிட்டு இருந்தார்.

"படம் கிடைச்சுதோ, மாமி?"

"இல்லை."

"அப்ப என்ன செய்தவை?"

"கைதட்டினவை."

அவருக்கு விளங்கவில்லை. வீடு வருமட்டும் நான் விளங்கப்படுத்தவும் இல்லை.

வீட்டில் குசினி மேசையில் தமிழ்ப் பத்திரிகை கிடந்தது. யாழ்ப்பாணத்துச் சனம் ஊர்விட்டு வெளிக்கிட்டு ஒரு வருடம் என்று அரைப் பக்கத்துக்கு ஒரு படம் போட்டிருந்தார்கள். தெரு நிறையச் சனம். தலையில் மூட்டை, சைக்கிளில் மூட்டை, ஒரு கிழவியின் கையில் கூட்டோடு ஒரு கோழி. கோட்டைக்கூடக் கழற்றாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்து, ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கினேன். முன்னால் வருகிறவர், அவருக்குப் பின்னால் வருகிற பெண், அவளுடைய இடுப்பில் பிள்ளை. மலிவு அச்சு. மை ஊறிப் போயிருந்தது. முகம் என்று தெரிந்த இடமெல்லாம், கிட்டக் கொண்டுபோனால், கறுப்புப் புள்ளி. யன்னலடியில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். மூட்டையின் முடிச்சு தெரிந்தது. கோழியின் கண்ணும் தெரிந்தது.